உப்பு இருக்கும் பக்கம்

உப்புக்குப் பேரம் பேசாத வாடிக்கையைக் கண்டால் ராஜேந்திரனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒன்று, அந்த ஆள் அடுத்தவர் காசில் வாங்குகிறார். இல்லையென்றால் உப்புக்காக வரவில்லை. லிங்கராஜபுரத்தில் முப்பது வருஷமாக உப்பு மண்டி நடத்தியதில் அவருக்கு வந்த ஞானம் அது. தூத்துக்குடியிலிருந்து லாரி வந்து மூட்டைகளை இறக்கும். ஊறுகாய் போடுகிறவர்கள், தோல் கிடங்குக்காரர்கள், ஐஸ் ஃபாக்டரிக்காரர்கள், அப்பார்ட்மென்ட் மேனேஜர்கள் என்று ஒவ்வொருவராக வந்து கத்தி, கெஞ்சி, போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்துப்போவார்கள். யார் எத்தனை மூட்டை எடுத்தார், எதற்கு எடுத்தார் என்பது மட்டும் அடுத்தவர் காதுக்குப் போகாது. ராஜேந்திரனின் அப்பா காலத்திலிருந்து மண்டியில் அது சட்டம். எடைத் தராசிலும் பொய் கிடையாது, வாயிலும் செய்தி கிடையாது.

பெர்னதெத் முதல் நாள் வந்தபோது விலையே கேட்கவில்லை.

“பத்து மூட்டை கல்லுப்பு வேணும் அண்ணாச்சி. இதுல மெக்னீசியம் எவ்ளோ இருக்கும்?”

“அம்மா, இது உப்பு. டானிக் பாட்டில் இல்ல, பின்னாடி எழுதி ஒட்டறதுக்கு.”

“அப்போ ஒரு பிடி குடுங்க. நானே பாத்துக்கறேன். காலேஜ் லேப் என் கையிலதான் இருக்கு.”

“பத்து மூட்டைன்னு சொல்லிட்டு ஒரு பிடில முடிச்சிடுவீங்க போல இருக்கே.”

அவள் சிரித்தாள். நாற்பது வயதிருக்கும். கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் பிறந்தவள்; ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்துவிட்டு, கல்யாணமான பிறகு இங்கேயே வீடு பார்த்து வந்தவள். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். உப்பை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்து, பிறகு ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போனாள். மறுநாள் வந்து, “பரவால்ல, நல்ல உப்புதான்” என்றாள். தன் உப்புக்கு இப்படி ஒரு நற்சான்று கிடைக்கும் என்று ராஜேந்திரன் கனவிலும் நினைத்ததில்லை.

“எதுக்கும்மா இவ்ளோ உப்பு? கருவாடா?”

“சேறு காய வைக்க.”

எதற்கு என்று வாடிக்கையிடம் கேட்பதும் மண்டி வழக்கத்துக்கு மாறானதுதான். ஆனால் சேற்றை உப்பால் காயவைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் கேட்காமல் இருக்க அவர் கல்லா?

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு வாளியோடு வந்தாள். வாளியில் உப்புத் தண்ணீர். அதற்குள் தலையணை உறை அளவுக்கு ஒரு வெள்ளைப் பை. பைக்குள் கறுப்பாகக் கூழ். கடைக்குள் கக்கூஸ் சேற்றைக் கொண்டுவந்து வைத்த முதல் வாடிக்கை அவள்தான்.

“நாத்தம் வராது அண்ணாச்சி, வாய கட்டியிருக்கேன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நீங்களே பாருங்க.”

சாயங்காலம் பை வற்றிச் சுருங்கியிருந்தது. உள்ளே இருந்தது கூழ் இல்லை, பிசைந்த களிமண். அடுப்பு இல்லை, மோட்டார் இல்லை, பிழியும் கையும் இல்லை.

“எங்க போச்சு தண்ணி?”

“வாளிக்குள்ளதான். நாரத்தங்காய்ல உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல? அதேதான். இந்தப் பை இருக்கே, தண்ணிய விடும், உப்ப விடாது. ரெண்டு பக்கமும் உப்பு சமமா இல்லைன்னா, உப்பு ஜாஸ்தி இருக்கற பக்கம் தண்ணி போகும்.”

“மனுஷனும் அப்படித்தான் போறான்” என்றார் ராஜேந்திரன். “பை எங்க வாங்கினீங்க?”

“பழைய சாமான் எடுக்கற குஜிரிக்காரன்கிட்ட. வீட்டுல எல்லாரும் பழைய ஆர்.ஓ. மெஷினத் தூக்கிப் போடறாங்கல்ல, அதுக்குள்ள சுருட்டி வச்சிருக்கற சவ்வு. பிரிச்சு, பசை போட்டு ஒட்டினேன்.”

“உப்புத் தண்ணி?”

“மொட்டை மாடில தட்டுல ஊத்தி வெயில்ல வச்சா சுண்டிடும். திரும்பவும் அதையே ஊத்திக்கலாம்.”

“அப்போ ஒருதரம் உப்பு வாங்கினா மறுபடி என் கடைப்பக்கமே வரமாட்டீங்க. நல்ல வாடிக்கைம்மா நீங்க.”

இது விளையாட்டு இல்லை என்பது அவள் கணவன் அசோகன் வந்த பிறகுதான் ராஜேந்திரனுக்குப் புரிந்தது. மூட்டை ஏற்ற வந்தவன், ஒல்லியான ஆள், காதில் பீடி. தொம்மலூருக்கு அப்பால் முந்நூற்றிருபது வீடுகள் உள்ள ஓர் அப்பார்ட்மென்டில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். முந்நூற்றிருபது வீட்டுக் கழிவும் தொட்டி தொட்டியாக மாறி, கடைசியில் தெளிந்த நீர் தோட்டத்துக்குப் போகும். சேறு ஒரு குழியில் தங்கும். அதைப் பிழிந்து எடுக்க வைத்த இயந்திரம் இரண்டு வருஷமாகக் கெட்டுக் கிடக்கிறது. அதனால் சேறு குழியின் அடியில் இறுகிப்போகும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் இருவர் வந்து, இடுப்பில் கயிறு கட்டி, பன்னிரண்டு அடி இறங்கி, வாளியில் அள்ளிக் கொடுப்பார்கள். இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே வாசல் பதிவேட்டில் ‘தோட்ட வேலை’ என்று எழுதி உள்ளே விடுவார்கள்.

“நான் இறங்க மாட்டேன் அண்ணாச்சி” என்றான் அசோகன். “மேல நின்னு கயிறு புடிப்பேன். எங்கப்பா கோலார்ச் சுரங்கத்துல ஒரு மைல் ஆழம் போய் வந்தவரு. அவரு புள்ள பன்னெண்டு அடில போய்ச் சேர்ந்தான்னா அசிங்கம் இல்லையா?”

“வாயக் கழுவுய்யா” என்றாள் பெர்னதெத்.

“போன தடவை ஒருத்தன் பாதில மயங்கிட்டான். இழுத்துப் போட்டோம், பொழச்சுக்கிட்டான். அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல நான். அதுல இருந்து இவளுக்குத் தூக்கம் இல்ல. பையும் பசையுமா உக்காந்துட்டா.”

அவள் கணக்கு எளிமையானது. அன்றன்றைய சேறு தண்ணியாக இருக்கும்போதே பம்பு வைத்து இறைத்துப் பைகளில் நிரப்பி உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டால், குழியில் எதுவும் இறுகாது. இறுகாத குழியில் மனிதன் இறங்க வேண்டாம். அப்பார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் சௌம்யா ஒப்புக்கொண்டிருந்தார்: ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். பலித்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பலிக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஆள் இறங்கும்.

“எந்த அப்பார்ட்மென்ட்?” என்று ராஜேந்திரன் கேட்டார். அசோகன் பெயரைச் சொன்னான். ராஜேந்திரன் தலையை ஆட்டிவிட்டு, மூட்டையின் தையலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அந்த அப்பார்ட்மென்ட் அவருடைய வாடிக்கை. மாதம் பதினான்கு மூட்டை. மேனேஜர் ஹரிஷ்குமார் ஆம்பூர்க்காரப் பையன். ‘அண்ணா, அண்ணா’ என்று குழைந்தே விலையைக் குறைத்துவிடுவான். போர்வெல் தண்ணீர் கடினமானது. குளித்தால் தலைமுடி நார்நாராகும். அதை மென்மையாக்க ஒரு இயந்திரம். அந்த இயந்திரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதற்குத்தான் பதினான்கு மூட்டை. கழுவிய உப்புத் தண்ணீர் சாக்கடையோடு போய்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் விழ, அங்கே அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்து, நாற்றம் எழுந்து, போன வருஷம் குடியிருப்பவர்கள் ஹரிஷ்குமாரின் சட்டையைப் பிடிக்காத குறை. அவன் உப்பையே நிறுத்தப்போவதாக மண்டிக்கு வந்து சொன்னான்.

பதினான்கு மூட்டை. ராஜேந்திரன் இரண்டு டீ வரவழைத்தார்.

“தம்பி, கழுவுன தண்ணிய ஏன் கிருமி இருக்கற தொட்டில விடறே? ஒரு பைப்பத் திருப்பிச் சேத்துக் குழியில விட்டுடு. அங்கதான் ஒண்ணும் உயிரோட இல்லியே. எப்படியும் கடைசில லாரில போறதுதான?”

ஹரிஷ்குமார் அவரை ஒரு கணம் பார்த்து, “அண்ணா, நீங்க இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்” என்றான். அசோகன் லீவில் ஊருக்குப் போன வாரம், தெரிந்த பிளம்பரை வைத்துக் குழாயைத் திருப்பினான். பூட்டிய அறைக்குள் ஆரம்பித்து, மண்ணுக்குள் ஓடி, குழியின் அடியில் திறக்கும் குழாய். மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. நாற்றம் நின்றது. பதினான்கு மூட்டையும் நிற்கவில்லை. அன்றைக்கு ராஜேந்திரன் தன் புத்தியை எண்ணித் தானே கொஞ்சம் பூரித்துப்போனார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இருந்தாலும் அதற்கும் பெர்னதெத்தின் பைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. செய்து காட்டும் நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் தோன்றியது.

அன்று அவள் எடைத்தராசு இரவல் கேட்க வந்திருந்தாள். காலையில் ஒவ்வொரு பையையும் எடை போட்டுத் தொங்கவிட வேண்டும், சாயங்காலம் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும்; மண்டித் தராசு என்றால் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

“நானே கொண்டு வர்றேன். தராசு வெளிய போனா நானும் கூடப் போறதுதான் வழக்கம்” என்றார் ராஜேந்திரன். “எல்லாம் சரியா வருமாம்மா?”

“இருபது தடவை பண்ணிட்டேன் அண்ணாச்சி. அவர் தினம் ஒரு கேன்ல கொண்டு வருவாரு. ஒரு தடவைகூடத் தப்பல.”

“குழியில இருந்தா?”

“குழி மூடியத் தூக்க ரெண்டு பேர் வேணும். குழிக்குப் போற பைப்புல பிடிச்சது. எல்லாம் ஒரே சேறுதான?”

“தப்பிப்போறதுக்கு வழியே இல்லையா?”

அவள் யோசித்தாள். ஆய்வகத்துப் பிள்ளைகள் யாரோ கேள்வி கேட்டதுபோல் அவளுக்கு உற்சாகம். “ஒண்ணு இருக்கு. நான் லிட்டருக்கு எண்பது கிராம் உப்புதான் போடறேன். உள்ள இருக்கற சேறு அதவிட உப்பா இருந்துச்சுன்னா எல்லாம் தலைகீழா நடக்கும். வெளிய இருக்கற தண்ணி உள்ள போகும். பை ஊதிடும். ஆனா கக்கூஸ் தண்ணில அவ்ளோ உப்பு எங்க இருந்து வரப்போகுது? முந்நூத்தி இருபது வீட்டுக்காரனும் உப்பத் தின்னாத்தான் உண்டு.”

அவள் சிரித்துவிட்டு நிறுத்தினாள். ராஜேந்திரன் சிரிக்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ‘அம்மா, அந்தக் குழியில உப்பு இருக்கு.’ நாக்கு நுனிவரை வந்தது. உடனே பின்னால் வரிசை கட்டி நின்றன: உனக்கு எப்படித் தெரியும், யார் விட்டது, யார் சொன்ன யோசனை. வாடிக்கையின் செய்தி வெளியே போகக் கூடாது என்கிற அப்பாவின் சட்டம் அந்த நேரத்தில் ரொம்ப வசதியாக இருந்தது. ஆண்பிள்ளையாய்ப் பிறந்தவன் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வியாபாரிக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் முயன்று பார்த்தார்.

“அம்மா, இன்னும் அஞ்சு மூட்டை சேத்துப் போடேன். உப்புத் தண்ணி இன்னும் கெட்டியா இருக்கட்டும். நான் சும்மா தர்றேன்.”

பெர்னதெத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணாச்சி, நீங்க சும்மா குடுக்கறீங்கன்னா அதுல ஏதோ இருக்கு.”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லா நடக்கணும்னு ஒரு ஆசை.”

“அடுத்த தடவை அம்பது மூட்டை ஆர்டர் புடிக்கத்தான இந்தத் தூண்டில்? கெட்டியா போட்டா பசை விட்டுடும் அண்ணாச்சி, அதுக்குத்தான் எண்பதோட நிறுத்தறேன். உங்க ஆசைய வேற கடைல வச்சுக்கோங்க.”

போகிற போக்கில் தோளில் தட்டாத குறையாகச் சிரித்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத்தில் ராஜேந்திரன் மனதறிந்து இலவசமாகக் கொடுக்க முன்வந்தது அந்த ஒருமுறைதான். அதையும் வியாபார தந்திரம் என்று எடுத்துக்கொள்ளும்படியாகத்தான் அவர் அதுவரை வாழ்ந்திருந்தார்.

அவள் போனதும் ஹரிஷ்குமாரை அழைத்தார். “தம்பி, ரெண்டு நாளைக்கு அந்த உப்புத் தண்ணியக் குழியில விடாத.”

“நிறுத்திடறேன் அண்ணா. ஆனா நீங்க வாயத் திறந்துடாதீங்க, ப்ளீஸ். என் பொழைப்பு.”

நிறுத்தினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது உப்பு விற்கிற அவருக்குத் தெரியாததல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, தோட்டத்து ஓரத்தில், நீலத் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. முப்பது, நாற்பது பேர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்கள். அசோகன் பம்பைக் குழியின் அடிவரை இறக்கி, ஆறு பைகளை நிரப்பினான். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ராஜேந்திரன் தராசில் ஒவ்வொன்றாக மாட்டி உரக்கச் சொன்னார்: “இருபது கிலோ. இருபது நூறு. இருபது.” சௌம்யா எழுதிக்கொண்டார். பைகள் வரிசையாகத் தொட்டியில் இறங்கின.

“ஈவினிங் பாக்கலாம் மேடம்” என்றாள் பெர்னதெத்.

மத்தியானம் பன்னிரண்டு மணி ஆகியும் பைகளின் மேல் சுருக்கம் எதுவும் இல்லை. வழுவழுவென்று இறுகியிருந்தன. இரண்டு மணிக்கு அவை உருண்டு திரண்டு, தொட்டிக்குள் ஆறு கறுப்புப் பூசணிக்காய்களாகக் கிடந்தன. அசோகன் நிலைமையை லேசாக்கப் பார்த்தான். “என்ன பெர்னா, கொண்டக்கடலை ஊறவச்ச மாதிரி இருக்கே?” யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான்கு மணிக்கு அசோகன் முதல் பையை எடுத்துத் தராசில் மாட்டினான். எல்லோரும் ராஜேந்திரனின் வாயைப் பார்த்தார்கள்.

“இருபத்தி மூணு இருநூறு.”

“சரியா பாருங்க சார்” என்றார் சௌம்யா. “கம்மியாகணும் இல்ல?”

“தராசு சரியாத்தான் இருக்கும்மா.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தராசில் என்றைக்கும் பொய் சொன்னதில்லை. ஹரிஷ்குமார் கூட்டத்தின் பின்னால் நின்று, செருப்பால் புல்லைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது ராஜேந்திரன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது பையை எடுக்கும்போது ஒட்டிய இடம் பிரிந்து, சேறு முழுவதும் தொட்டிக்குள் கொட்டியது. மற்ற பைகளும் ஒன்றை அடுத்து ஒன்றாக விட்டன. எல்லாம் கலந்து ஒரே கறுப்புத் தண்ணீர். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. பெரியவர்கள் ஓடவில்லை, ஆனால் சீக்கிரமாக நடந்தார்கள்.

“பரவால்ல மேடம், யூ ட்ரைட்” என்று சொல்லிவிட்டு சௌம்யாவும் போனார்.

பெர்னதெத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். “இருபது தடவை வந்துச்சே” என்று சொன்னாள். அசோகன் அவள் கையிலிருந்த உறையைக் கழற்றி, தன் சட்டையிலேயே அவள் விரல்களைத் துடைத்துவிட்டான். “விடு. அடுத்த வாட்டி பாத்துக்கலாம். நாலு மாசம் கழிச்சு.” ராஜேந்திரன் தராசை மடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். அசோகன் ஓடிவந்து தராசின் கொக்கியை அவரிடம் கொடுத்தான். மறந்து விட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹரிஷ்குமார் அழைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். இறங்கிய இரண்டு பேரில் ஒருவன் அடியில் சுருண்டு விழுந்தான். மற்றவன் ஏறி வந்துவிட்டான். கயிறு பிடித்திருந்த அசோகன் இழுத்துப் பார்த்தான். ஆள் எதிலோ சிக்கியிருந்தான். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். கோலார்ச் சுரங்கத்துக் குடும்பங்களில் ஒரு ஏற்பாடு உண்டு: கீழே இருப்பவன் குரல் கொடுக்கவில்லை என்றால் மேலே நிற்பவன் போக வேண்டும், யார் சொல்லியும் நிற்கக் கூடாது. அசோகன் நிற்கவில்லை. சிக்கியவனின் கயிற்றை விடுவித்து மேலே தள்ளிவிட்டான். அவன் பிழைத்துக்கொண்டான். அசோகன் வரவில்லை.

“அண்ணா” என்றான் ஹரிஷ்குமார், அழுதுகொண்டே. “அந்த பைப் விஷயம் மட்டும்…”

ராஜேந்திரன் போனை வைத்தார்.

அடக்கம் கே.ஜி.எஃப்.பில் நடந்தது. அசோகன் வீடு பௌத்த வீடு, பெர்னதெத் கத்தோலிக்கப் பெண். அவன் பக்கத்து ஆட்கள் புத்த வந்தனம் சொன்னார்கள், அவள் பக்கத்துப் பெண்கள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்கள். ராஜேந்திரன் ஒரு மாலையோடு போய், கூட்டத்தின் ஓரத்திலேயே நின்று, அவள் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிட்டார்.

அவள் மண்டிக்கு வந்தது ஆறு வாரம் கழித்து. இளைத்திருந்தாள். பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சங்கம் போலீசுக்குக் கொடுத்த விளக்கம். ஆபரேட்டர் அசோகன் அனுமதியின்றித் தன்னிச்சையாக இறங்கினார் என்றும், அதற்கு முந்தைய வாரம் அவருடைய மனைவி செய்த சோதனையின்போது பம்பு விட்டுக் குழியைக் கலக்கியதால் விஷவாயு கிளம்பியிருக்கலாம் என்றும் அதில் இருந்தது.

“படிச்சிட்டீங்களா? சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றாள்.

“என்னம்மா சொல்றே?”

“என் பை வேலை செஞ்சிருந்தா அன்னைக்கு யாரும் இறங்கியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணுல போய்க் கைய வச்சிருக்கேன். அவர் கொண்டுவந்து வீட்டுல வச்சிருந்த கேனை வச்சு மறுபடியும் பண்ணிப் பாத்தேன் அண்ணாச்சி. சுருங்குது. மறுபடி பண்றேன், சுருங்குது. அன்னைக்கு மட்டும் ஏன்? ராத்திரி பகலா யோசிச்சும் எனக்குத் தெரியல. கடைசில, நான் ஒரு முட்டாள், அவ்ளோதான்னு முடிவு பண்ணிட்டேன். மீதி இருக்கற உப்ப நீங்களே எடுத்துக்கோங்க. சவ்வையும் குஜிரிக்குப் போட்டுடறேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

முட்டாள் என்று அவள் சொன்ன தொனியில் கோபம்கூட இல்லை. அதுதான் ராஜேந்திரனுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டு வந்திருந்தால் அவரும் ஏதாவது பேரம் பேசிப் பார்த்திருப்பார்.

“அந்தக் குழியில உப்பு இருந்துச்சும்மா” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதினான்கு மூட்டை, நாற்றம், டீ, குழாய். யோசனை யாருடையது என்பதையும் சொன்னார். சொல்லும்போது மேஜையில் சிந்தியிருந்த உப்பை விரலால் கூட்டிக்கொண்டே இருந்தார்.

பெர்னதெத் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“என் பைக்கு அது ஆகாதுன்னு எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“வெள்ளிக்கிழமை. நீ சொன்னப்போ.”

“நான் இங்க நின்னுட்டிருந்தப்போவா?”

“ஆமா.”

“சிரிச்சிட்டிருந்தேனே.”

அவள் எழுந்து வாசல்வரை போனாள். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கி, போனது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தாள்.

“எழுதிக் குடுங்க.”

“எழுதறேன்.”

“இப்பவே.”

ராஜேந்திரன் மண்டிப் பெயர் போட்ட தாளை எடுத்து எழுதினார். கணீரென்று பேசுகிற ஆள், எழுதும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார். முடித்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஓர் இடத்தில் நிறுத்தினாள். ‘சோதனைக்கு முன்பு அந்தச் செய்தியைச் சொல்லத் தவறிவிட்டேன்.’

“தவறலையே நீங்க.”

அவர் அந்த வரியை அடித்துவிட்டு, ‘தெரிந்தும் சொல்லவில்லை’ என்று எழுதினார்.

“ஏன்னு எழுதுங்க. கேப்பாங்க.”

வாடிக்கையின் செய்தியை வெளியே சொல்வது எங்கள் மண்டி வழக்கமில்லை என்று எழுதினார். தானே அதைப் படித்துப் பார்த்தார். அதையும் அடித்தார். ‘யோசனை என்னுடையது என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்தபோது தாளில் அடித்தது பாதி, எழுதியது பாதியாக இருந்தது. சுத்தமாக வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள்.

மடித்துப் பையில் வைத்த பிறகு, “அந்தக் குழாய் இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு. போன வாரமும் உப்பு எடுத்துட்டுப் போனான்.”

“நீங்களும் குடுத்தீங்க.”

“குடுத்தேன்.”

“குழி மறுபடி ரொம்பிட்டிருக்கும். இப்போ அங்க கயிறு புடிக்கறது யாரு?”

“புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். ஆனேக்கல் பக்கம். பேரு தெரியாது.”

“கேளுங்க.”

ராஜேந்திரன் போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே ஹரிஷ்குமார் எடுத்து, “சொல்லுங்க அண்ணா, அடுத்த மாசமும் பதினாலுதான்” என்றான்.

“உப்பு கிடையாது. உங்க புது ஆபரேட்டர் பேரு என்ன?”

“எதுக்கு அண்ணா?”

“அந்தக் குழாயப் பத்தி அவருகிட்ட நேர்ல வந்து சொல்றேன். பக்கத்துல அசோகன் சம்சாரம் இருக்காங்க, அவங்களும் வர்றாங்க. முதல்ல பேரைச் சொல்லு.”

ஹரிஷ்குமார் ரொம்ப மெதுவாக, “ரகுராம்” என்றான். பெர்னதெத்துக்குக் கேட்கும்படி ராஜேந்திரன் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். அவள் ஏற்கெனவே எழுந்து, ஆட்டோவை நிறுத்தத் தெருவில் இறங்கியிருந்தாள்.